பங்கமஹிலா யார்?

கொல்கத்தாவின் கரியாஹாட் முனையிலிருந்து தெற்கே நடந்தால் கோல்பார்க். ரவுண்டானாவை ஒட்டிய நடைபாதையில் பழைய புத்தகக் கடைகள் வரிசை கட்டி நிற்கும். பிளாஸ்டிக் தாளைக் கூரையாக இழுத்துக் கட்டி, அதன் கீழே ஆள் உயரத்துக்கு அடுக்கியிருப்பார்கள். ஒரு கோடைகாலச் சாயங்காலம் அங்கே போய், "காகு, பிரமண காஹினி என்னென்ன இருக்கு?" என்று கேட்டேன். பயணக் கதைக்கு வங்காளத்தில் அதுதான் பெயர். தமிழ்ப் பத்திரிகை ஒன்று பயணச் சிறப்பிதழுக்காக வங்காளப் பயண எழுத்தைப் பற்றி என்னிடம் கட்டுரை கேட்டிருந்தது.

கடைக்காரர் ஒவ்வொன்றாக உருவி ஸ்டூல் மேல் வைத்தார். ரவீந்திரநாத்தின் ஐரோப்பியக் கடிதங்கள். ஜலதர் சென்னின் 'ஹிமாலய'. பிரபோத்குமார் சான்யாலின் 'மஹாப்ரஸ்தானேர் பதே'. அன்னதாசங்கர் ராயின் 'பதே ப்ரபாஸே'. சையத் முஜ்தபா அலியின் காபூல் அனுபவமான 'தேசே பிதேசே'. உமாபிரசாத் முகோபாத்யாய். 1926-ல் கல்கத்தாவிலிருந்து சைக்கிளில் உலகம் சுற்றக் கிளம்பிய பிமல் முகர்ஜியின் 'து சாகாய் துனியா'. எல்லாம் அருமையான புத்தகங்கள். முஜ்தபா அலியை இரண்டு முறை வாசித்தவள் நான்.

"ஏழும் ஆண்கள், காகு."

அவர் ஒரு நிமிஷம் ஸ்டூலைப் பார்த்தார். பிறகு உள்ளே குனிந்து, கடைசி அடுக்கிலிருந்து ஒன்றை எடுத்துத் தூசி தட்டிக் கொடுத்தார். நவநீதா தேவ் சென்னின் 'டிரக் பாஹனே மக்மாஹனே'. "தீதி, இவங்க நம்ம பேட்டைக்காரங்க" என்றார்.

உண்மைதான். ஹிந்துஸ்தான் பார்க் கரியாஹாட் சந்தையிலிருந்து கூப்பிடு தூரம். அங்கேதான் 'பாலோபாசா' வீடு. நவநீதா அங்கேயே பிறந்து வளர்ந்து 2019-ல் அங்கேயே காலமானார். 1977-ல் அஸ்ஸாமில் ஒரு இலக்கியக் கூட்டத்துக்குப் போனவர், அங்கிருந்து வீடு திரும்பாமல் ரேஷன் சாமான் ஏற்றிய லாரியில் இடம் பிடித்துத் தனியாகத் தவாங் வரைக்கும் போய்விட்டார். வாழ்நாள் முழுக்க ஆஸ்துமாவோடு மல்லுக்கட்டிய உடம்பு. அந்த உடம்பைத் தூக்கிக்கொண்டு மக்மோகன் எல்லைக்கோட்டுப் பக்கம் போன கதைதான் அந்தப் புத்தகம்.

இன்னொரு விஷயமும் நினைவுக்கு வந்தது. நவநீதாவின் தாயார் ராதாராணி தேவி ஒரு கவிஞர். 'அபராஜிதா தேவி' என்ற பெயரிலும் கவிதைகள் எழுதினார். யார் அந்த அபராஜிதா என்று வாசகர்கள் தேடிக்கொண்டிருந்தார்கள். ஒரே வீட்டில், தாய் மாற்றுப் பெயரில் எழுதினார், மகள் சொந்தப் பெயரில் லாரி ஏறினார். அந்தத் தாய்க்கும் முந்திய தலைமுறைப் பெண்கள் பயணம் போயிருந்தால் என்ன பெயரில் எழுதியிருப்பார்கள்? கட்டுரைக்கு வாக்களித்த தேதி தள்ளிப்போனது. நான் தேட ஆரம்பித்தேன்.

முதலில் என் மொழியில் தேடினேன், அதுதானே நியாயம். ஏ.கே. செட்டியார், சோமலெ, மணியன், 'நடந்தாய் வாழி காவேரி' எழுதிய சிட்டியும் தி. ஜானகிராமனும். யோசிக்காமல் வாயில் வரும் பெயர்கள் இவைதான். சிவசங்கரி வரைக்கும் வந்த பிறகுதான் ஒரு பெண் பெயர் சட்டென்று நாவில் வருகிறது. தமிழ்ப் பெண்கள் பயணமே போகவில்லையா? காசிக்கும் ராமேஸ்வரத்துக்கும் ரங்கூனுக்கும் பினாங்குக்கும் நம் பாட்டிமார் போன கதை இல்லாத குடும்பம் உண்டா? போனார்கள். எழுதியவர்களும் இருந்திருப்பார்கள். எங்கே வைத்தோம் என்பதுதான் கேள்வி.

கோல்பார்க்கிலிருந்து மேற்கே சதர்ன் அவென்யூ. பதினாறாம் எண் கட்டடத்தில் 'ஸ்த்ரீ' என்ற பதிப்பகம். மந்திரா சென் 1990-ல் தொடங்கியது. வங்காளத்திலும் ஆங்கிலத்திலும் பெண்களின் எழுத்தைத் தேடிப் பிடித்து அச்சிடுகிறவர்கள். அவர்கள் 1996-ல் சிமந்தி சென்னைப் பதிப்பாசிரியராகக் கொண்டு ஒரு பழைய நூலை மறுபடி கொண்டுவந்தார்கள். 'இங்லண்டே பங்கமஹிலா', அதாவது இங்கிலாந்தில் ஒரு வங்கப் பெண்மணி. முதல் பதிப்பு 1885. புது அட்டையில் கிருஷ்ணபாபினி தாஸ் என்ற பெயர் இருக்கிறது. 1885-ன் தலைப்புப் பக்கத்தில் ஆசிரியர் பெயரே கிடையாது.

அன்றைய வாசகருக்குக் கிடைத்தது தலைப்பு மட்டும்தான். நான்கு வருஷத்துக்கு முன்னால், 1881-ல், ரவீந்திரநாத்தின் ஐரோப்பியக் கடிதங்கள் புத்தகமாக வந்துவிட்டன, பெரிய வீட்டுப் பிள்ளையின் பெயரோடு. அதே லண்டனுக்குப் போன ஒரு பெண்ணின் புத்தகத்தில் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு வகைப்பாடுதான் இருந்தது: 'பங்கமஹிலா'.

ஏன் பெயர் இல்லை? பதிலை யூகிக்கக் குடும்பக் கதை போதும். மாமனார் ஸ்ரீநாத் தாஸ் கல்கத்தாவில் பேர்பெற்ற வக்கீல். மகன் தேவேந்திரநாத் கடல் கடந்ததே அந்த வீட்டுக்குப் பொறுக்கவில்லை. மருமகளும் 1882-ல் அவரோடு கப்பல் ஏறினாள். சின்னக் குழந்தை திலோத்தமாவைத் தாத்தா வீட்டில் விட்டுவிட்டுத்தான் போக முடிந்தது. குழந்தைக்கு அங்கேயே, சின்ன வயதிலேயே, கல்யாணமும் செய்துவைத்துவிட்டார்கள். லண்டனில் உட்கார்ந்து பெண்கல்வியைப் பற்றி அத்தியாயம் எழுதிய தாய்க்கு இங்கே நடப்பது எதுவும் கைக்குள் இல்லை. அந்தப் பெயரை அட்டையில் போட்டால் அடி யாருக்கு விழும் என்று அவருக்குத் தெரிந்திருக்கும். இது என் ஊகம். ஆனால் புத்தகத்தை வாசித்தபின் எனக்கு வேறு ஊகம் தோன்றவில்லை.

புத்தகத்தைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். ஊர் பார்த்த கதையோடு அவர் நிற்கவில்லை. இங்கிலாந்துப் பெண்கள், வீடுகள், படிப்பு, உழைப்பாளிகள், அரசியல் என்று ஒவ்வொன்றாக எடுத்து நிதானமாக விசாரிக்கிறார். வெள்ளைக்காரர்கள் நம் நாட்டைப் பார்த்து எழுதிய காலத்தில், நம் பெண் ஒருத்தி அவர்கள் நாட்டை எடைபோட்டு எழுதுகிறாள், அதுவும் பள்ளிக்கூடத்துக்கே போகாமல் கணவரிடம் படித்தவள். பின்னாளில் கல்கத்தா திரும்பி, பாரத ஸ்த்ரீ மஹாமண்டல் அமைப்பின் வழியாக வீட்டுக்குள் அடைபட்ட பெண்களுக்குப் படிப்புச் சொல்லிக்கொடுக்கும் வேலையில் இறங்கினார். 1919-ல் இறந்தார்.

இப்போது என் துப்பு வேறு பக்கம் திரும்பியது. 'பங்கமஹிலா' என்ற சொல்லைத் தலைப்பில் வைத்துக்கொண்டு வேறு எத்தனை புத்தகங்கள் ஒளிந்திருக்கின்றன?

இங்கே பழைய சட்டம் ஒன்று கைகொடுத்தது. 1867-ன் இருபத்தைந்தாம் சட்டம், அச்சகங்கள் மற்றும் நூல் பதிவுச் சட்டம். இந்தியாவில் அச்சாகும் எந்தப் புத்தகமானாலும் பிரதிகளைச் சர்க்காரிடம் கொடுத்தாக வேண்டும். ஒவ்வொரு மாகாணமும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை பட்டியல் போட வேண்டும். நம் சென்னை மாகாணப் பட்டியலும் இதே அச்சில்தான் இருக்கும். அந்தப் பட்டியலைத் திறந்தால் குறுக்கே பத்திகள் ஓடும்: தலைப்பு, மொழி, ஆசிரியர், பொருள், அச்சிட்ட இடம், அச்சகத்தார், வெளியிட்டவர், தேதி, பக்கம், அளவு, எத்தனையாவது பதிப்பு, எத்தனை பிரதி, விலை, காப்புரிமை யாருக்கு. பொடி எழுத்து. கண்ணாடியைக் கழற்றி மாட்டி, கழற்றி மாட்டி, என் நெற்றிப்பொட்டு வலித்துவிடும். குமாஸ்தா புத்தகத்தைக் கையில் வைத்துக்கொண்டு பத்தி பத்தியாக நிரப்பிக்கொண்டே போயிருக்கிறார். தலைப்புப் பக்கத்தில் பெயர் இல்லாத புத்தகத்துக்கு அவர் எதைப் பார்த்து எழுதுவார்? வெளியிட்டவர் பெயர் இருக்கும், அச்சடித்தவர் பெயர் இருக்கும், விலை இருக்கும். எழுதியவர் மட்டும் இருக்கமாட்டார். நூறு வருஷம் கழித்து நூலகத்து அட்டைப் பெட்டியில் எழுத்தாளர் வரிசையில் தேடுகிறவனுக்கு அந்தப் பெண் அகப்படவே மாட்டாள். தலைப்பு தெரிந்தவனுக்குத்தான் கிடைப்பாள். தெரியாததைத் தேடுவதற்குத் தலைப்பு எப்படித் தெரியும்?

வேவு பார்க்கப் போட்ட சட்டம்தான். ஆனால் அதே சட்டத்தின் கீழ் சேர்ந்த புத்தகங்களிலிருந்து பொறுக்கியெடுத்து லண்டன் இந்தியா ஆபீஸ் நூலகத்துக்கு அனுப்பிவைத்தார்கள். இங்கே கரையான் தின்ற பல அங்கே பத்திரமாக இருக்கின்றன. இரண்டாவது 'பங்கமஹிலா' அப்படித்தான் திரும்பி வந்தாள்.

'பங்கமஹிலார் ஜாப்பான் ஜாத்ரா', ஒரு வங்கப் பெண்மணியின் ஜப்பான் யாத்திரை. டாக்கா, 1915. எழுதியவர் ஹரிப்ரபா தகேதா. இவர் தன் பெயரை மறைக்கவில்லை. 1890-ல் பிறந்த பிரம்ம சமாஜக் குடும்பத்துப் பெண். அப்பா ஆதரவற்ற பெண்களுக்காக ஆசிரமம் நடத்தியவர். டாக்காவில் சோப்புத் தொழிற்சாலையில் வேலை பார்த்த ஜப்பானியர் உவேமோன் தகேதாவைக் கல்யாணம் செய்துகொண்டார். 1912 நவம்பரில், மாமனார் மாமியாரைப் பார்க்க, டாக்காவிலிருந்து கிளம்பினார். ஸ்டீமரில் கோயாலந்தோ, அங்கிருந்து கல்கத்தா, பிறகு கப்பல். நான்கு மாதம் ஜப்பானில் இருந்துவிட்டு வந்து எழுதினார். ரவீந்திரநாத் ஜப்பான் போனது 1916-ல். 'ஜாப்பான் ஜாத்ரி' புத்தகமானது 1919-ல். இந்தப் பெண் அவருக்கு நான்கு வருஷம் முந்தி.

ரவீந்திரநாத்தின் பயணம் அன்றிலிருந்து இன்றுவரை அச்சில் இருக்கிறது. ஹரிப்ரபாவின் புத்தகத்தை லண்டனில் பங்களாதேஷ் பத்திரிகையாளர் மன்சூருல் ஹக் கண்டெடுத்து 1999-ல் டாக்காவில் வெளிவரச் செய்தார். கொல்கத்தா பதிப்பு அதற்குப் பத்து வருஷம் பின்னால். 2012-ல் தன்வீர் மொகம்மல் அவரைப் பற்றி ஆவணப்படம் எடுத்தார். பிறகு சோம்தத்தா மண்டல் ஆங்கிலத்தில் கொண்டுவந்தார். கிருஷ்ணபாபினியையும் ஆங்கிலத்துக்குக் கொண்டுவந்தவர் அவர்தான். 1932-ல் ஐரோப்பா போய் வியன்னாவில் ஃப்ராய்டைச் சந்தித்த துர்காபதி கோஷின் 'பஸ்சிம்ஜாத்ரிகி'யையும் அவரே. ஒரே கை மூன்று பெண்களை இழுத்து மேலே கொண்டுவந்திருக்கிறது. இந்த மாதிரிக் கைகளுக்கு நாம் போதுமான மரியாதை செய்வதில்லை. பயண இதழ்களில் எல்லோருக்கும் இடம் வேண்டும் என்று மேடையில் பேசுவது சுலபம். பிழையும் பூச்சியரிப்புமான பழைய பிரதியை வைத்துக்கொண்டு மாதக்கணக்காக உட்காருவதற்குத்தான் ஆள் இல்லை.

ஹரிப்ரபாவைத் தேடிப் போனபோது நான் தடுக்கிய இடத்தையும் சொல்லிவிடுகிறேன். 1941-ல் அவர் மறுபடி ஜப்பான் போனார். யுத்தம். வருமானமில்லை. அங்கிருந்த புரட்சியாளர் ராஷ்பிஹாரி போஸின் தொடர்பால் டோக்கியோ வானொலியில் ஆசாத் ஹிந்த் பிரிவில் வங்காளச் செய்தி வாசித்தார், குண்டு விழும் இரவுகளில். இதை வாசித்ததும் எனக்குச் சிலிர்த்தது. கரியாஹாட்டைக் குறுக்கே வெட்டிக்கொண்டு போகும் சாலை ராஷ்பிஹாரி அவென்யூ! நான் பிறந்ததிலிருந்து நடக்கும் சாலை, லேக் மார்க்கெட்டுக்கு மல்லிகைப்பூவும் ஃபில்டர் காப்பித்தூளும் வாங்க அம்மா கூட்டிப்போகும் சாலை, இவருக்கு வேலை வாங்கிக்கொடுத்தவர் பெயரிலா என்று ஒரு பத்தியே எழுதிவிட்டேன். சரிபார்த்தால் அது வேறு ராஷ்பிஹாரி. வக்கீலும் காங்கிரஸ் தலைவருமான ராஷ்பிஹாரி கோஷ். 1908-ல் நம் சென்னையில் கூடிய காங்கிரஸுக்குத் தலைமை வகித்தவர். பத்தியை அடித்தேன். பெயர்ப்பலகையை நம்பிச் சரித்திரம் எழுதக்கூடாது.

அடித்த பத்திக்குப் பதிலாக வேறொன்று கிடைத்தது. ஹரிப்ரபா யுத்தம் முடிந்து இந்தியா திரும்பி, ஜல்பாய்குரியில் இருந்து, 1972-ல் கல்கத்தாவில் இறந்தார். 1972-ல் நான் இதே ஊரில் முதல் வகுப்பில் அரிசியில் 'அ' எழுதிக்கொண்டிருந்தேன். ஜப்பானைப் பற்றிப் பிறகு பள்ளியில் பாடம் வந்தது. எந்த டீச்சருக்கும் அவரைத் தெரியாது.

இந்த இடத்தில் என் தேடல் முடிந்திருக்கலாம். ஆனால் 'மஹிலா' என்ற சொல் உறுத்திக்கொண்டே இருந்தது. மஹிலா என்றால் பெண்மணி, மரியாதைப்பட்ட வீட்டுப் பெண். கிருஷ்ணபாபினி வக்கீல் வீட்டு மருமகள். ஹரிப்ரபா ஆசிரமம் நடத்தியவரின் மகள். அதே கப்பல்களில் அவர்களைவிட அதிகம் பயணம் செய்த பெண்கள் வேறு இருந்தார்கள். ஆயாக்கள். வெள்ளைக்காரக் குடும்பங்கள் ஊர் திரும்பும்போது குழந்தையைப் பார்த்துக்கொள்ளக் கூட்டிப்போவார்கள். பலர் கல்கத்தாவிலிருந்து, பலர் மதராஸிலிருந்து. லண்டன் ஹாக்னியில், வேலை முடிந்து நிர்க்கதியாய் விடப்பட்ட ஆயாக்களுக்கென்றே ஒரு விடுதி இருந்தது. அந்தோணி பரேரா என்ற ஆயா ஐம்பத்துநான்கு முறை கடல் கடந்தார் என்று பதிவு இருக்கிறது. ஐம்பத்துநான்கு! அவர் பெயராக நமக்குக் கிடைத்திருப்பதுகூட ஓர் ஆணின் பெயர் போலத்தான் இருக்கிறது, 'திருமதி' என்ற அடைமொழியோடு. ரோஸினா விஸ்ராம் என்ற ஆய்வாளர் பல்லாண்டு தோண்டியதால் இந்தக் கதை வெளியே வந்தது. பிறகு ஃபர்ஹானா மமூஜி என்ற பெண் விடாமல் கேட்டு, 2022-ல் அந்த விடுதிச் சுவரில் நீல நினைவுப்பலகை பதிக்கவைத்தார். கப்பல் ஆவணத்தில் ஆயாக்கள் இருக்கிறார்கள், குடும்பப் புகைப்படத்தில் குழந்தையை ஏந்தி நிற்கிறார்கள். பயண நூல் அலமாரியில் கிடையாது.

இது நம் அலமாரிக்கு மட்டும் உள்ள குறையில்லை. உலகத்துக்கே படம் காட்டிய 'நேஷனல் ஜியாக்ரஃபிக்' தன் 2018 ஏப்ரல் இதழுக்காகப் பழைய இதழ்களைப் புரட்ட ஜான் எட்வின் மேசன் என்ற வரலாற்றாசிரியரை அழைத்தது. அவர் கண்டதை ஆசிரியர் சூசன் கோல்ட்பெர்க் ஒளிக்காமல் எழுதினார். 1970-கள் வரைக்கும் அமெரிக்காவின் வெள்ளையரல்லாத மக்கள் அந்தப் பக்கங்களில் கூலிக்காரர்களாகவோ வீட்டு வேலைக்காரர்களாகவோ தவிர அநேகமாகத் தென்படவே இல்லை. வெளிநாட்டு மக்கள் விநோதப் பொருட்களாகத்தான் வந்தார்கள். ஒரு பெரிய பத்திரிகை தன்னைத்தானே விசாரித்துக்கொண்டது நல்ல காரியம். நம் பத்திரிகைகளின் பழைய பயணப் பக்கங்களை யாராவது இப்படிப் புரட்டினால் என்ன கிடைக்கும்? கோட்டையூரில் பிறந்த ஏ.கே. செட்டியாரின் 'குமரி மலர்' தொகுப்புகளும், அதே கோட்டையூரில் ரோஜா முத்தையா செட்டியார் சேர்த்த பெரும் புத்தகத் திரட்டும் இன்று சென்னையில் இருக்கின்றன. வேலை அங்கேயே காத்திருக்கிறது.

கரியாஹாட்டுக்கே வருகிறேன். கொல்கத்தா பற்றிய பயணக் கட்டுரைகளில் இந்த முனை தவறாமல் வரும். தாந்த் புடவை, நடைபாதை வளையல், பேரம், முட்டை ரோல். வியாபாரிகளின் படம் வரும், முகம் வரும், பெயர் வராது. 1996 நவம்பரில் 'ஆபரேஷன் சன்ஷைன்' என்று பெயர் வைத்து, இதே நடைபாதைக் கடைகளை ஒரே இரவில் புல்டோசர் வைத்து அகற்றினார்கள். கிருஷ்ணபாபினியின் பெயர் நூறு வருஷத்துக்குப் பிறகு அட்டையேறிய அதே வருஷம். கோல்பார்க் காகுவின் அண்ணன் முனையில் துணிக்கடை போட்டிருந்தவராம். "அவன் திரும்பி வரவே இல்லை, பாருய்ப்பூர் போயிட்டான்" என்று சொல்லிவிட்டு அடுக்கைச் சரிசெய்யப் போய்விட்டார்.

எங்கள் வீட்டில் வேலை செய்யும் மாஷி கானிங் லோக்கலில் வருகிறார். விடிவதற்கு முன் ஏறி பாலிகஞ்ச் ஸ்டேஷனில் இறங்கி, ஐந்து வீடு முடித்துவிட்டு, மதியத்துக்கு மேல் திரும்புகிறார். சியால்தாவிலிருந்து கானிங் போகும் பாதை 1860-களில் போட்டது, 'இங்லண்டே பங்கமஹிலா'வைவிட வயசானது. தினமும் ஆயிரக்கணக்கான பெண்கள் அதில் கரியாஹாட் பக்கத்து வீடுகளுக்கு வருகிறார்கள். ஒரு நாள் சமையலறைத் தரையில் நான் பட்டியல் காகிதங்களைப் பரப்பி வைத்திருந்தபோது, என்ன தேடுகிறாய் என்று கேட்டார். சொன்னேன். "நானும் பூரி போயிருக்கேன்" என்றார்.

பாத்திரம் துலக்கிக்கொண்டே சொன்னார். ஆறு பேர், ஹவுராவிலிருந்து முன்பதிவில்லாத பெட்டி. கதவோரம் குத்தவைத்துப் போன ராத்திரி. தர்மசாலையில் ஒரு அறையை ஆறாகப் பங்கிட்டது. டீக்கு எவ்வளவு, கக்கூஸுக்கு எவ்வளவு, கோயில் பண்டா எவ்வளவு கேட்டான், இவர்கள் எவ்வளவில் நின்றார்கள். ஜகந்நாதரைப் பார்த்த கதை இரண்டு வாக்கியம். கடலைப் பார்த்த கதை அரைமணி நேரம். "பெரிசுதான். ஆனா நம்ம மாத்லா ஆத்துல கால் வெச்சா சேறு முட்டி வரைக்கும் இழுக்கும். இந்தக் கடல் காலடி மண்ணை மட்டும் உருவிட்டு ஆளை விட்டுடுது." இத்தனை வருஷத்தில் பூரிக் கடலைப் பற்றி நான் வாசித்த எதிலும் இது இல்லை.

நோட்டை எடுத்து வந்து அவர் சொன்னபடி எழுதினேன். முடித்ததும், மேலே உன் பெயர் போடட்டுமா மாஷி என்று கேட்டேன். முழுப் பெயர், ஊர்ப் பெயர் எல்லாம் போட வேண்டும் என்று மாதக்கணக்கில் தேடியவளுக்கு வேறென்ன தோன்றும்?

மாஷி கையைத் துடைத்துக்கொண்டு வேகமாகத் தலையாட்டினார். "ஐயோ, வேண்டாம். அந்த அஞ்சு நாளும் ஜுரம்னு சொல்லித்தானே மத்த வீட்ல லீவு எடுத்தேன்."

பேனாவை மூடி வைத்தேன். அந்தப் பக்கத்தின் தலைப்பில் இப்போது 'ஒரு மாஷியின் பூரி யாத்திரை' என்று இருக்கிறது. கீழே பெயருக்கு விட்ட வரி காலியாக இருக்கிறது. பக்கத்தின் மூலையில் பென்சிலால் தேதி மட்டும் குறித்திருக்கிறேன்.